துப்பாக்கிக் கண்காட்சியில் சேகரிப்புத் துப்பாக்கியை மலிவாக வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் துப்பாக்கிக் கண்காட்சிகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய் வருகிறேன். இரண்டு உலகப் போர்களின் படைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. இங்குள்ள தமிழ் நண்பர்கள் என் அலமாரியைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டத்தை ஒட்டியவை. உங்கள் மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

கன் ஷோ என்பது கண்காட்சியா, சந்தையா?

பெயர்தான் கண்காட்சி, நடப்பது சந்தை. பொருட்காட்சித் திடலிலோ பெரிய கூடத்திலோ வார இறுதியில் மேசைகளை வாடகைக்கு விடுவார்கள். உரிமம் பெற்ற வணிகர்கள், தம் சேகரிப்பைக் குறைக்க வந்த முதியவர்கள், தோட்டா விற்பவர்கள், உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி விற்பவர்கள் என எல்லோரும் அங்கே கடை விரிப்பார்கள். ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை நடைபெறும் வானன்மாக்கர் கண்காட்சியில் 4,000-க்கும் மேற்பட்ட மேசைகள் இருக்கும். ஒரே நாளில் முழுவதையும் பார்த்து முடிக்க இயலாது. பெரும்பாலான ஊர்களில் சில நூறு மேசைகள்தான், அவற்றிலும் பாதிக்கு மேல் புதிய துப்பாக்கிகளும் துணைப் பொருட்களும்தான்.

நீங்கள் விற்பதற்காகத் துப்பாக்கி கொண்டு வந்தால், அதில் தோட்டா இல்லை என்பதை வாயிலில் சோதித்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டையால் கட்டி உள்ளே அனுப்புவார்கள். மேசையில் உள்ள எதையும் கேட்காமல் தொடக் கூடாது. கையில் எடுத்தால் குழல்முனை ஆட்களை நோக்கக் கூடாது. கேட்காமல் விசையை இழுக்கவும் கூடாது. தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் சுடுமுள், பழைய துப்பாக்கியில் தோட்டா இல்லாத வெறும் விசையிழுப்பிலேயே உடைந்துவிடலாம் என்பதால், இந்த ஒரு பிழைக்கே விற்பவர் முகம் மாறிவிடும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?

பெரும்பாலானோருக்குப் பதில் ஆம். தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஒன்றியச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவதை மட்டுமன்றி, கைவசம் வைத்திருப்பதையும் சேர்த்தே தடுக்கும் விதி அது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றுள் பலரும் அறிந்தது. எனினும், தவறினால் அது ஒன்றியக் குற்றமாகிவிடும். குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருவர் இதை நண்பர் சொன்னார் என்றோ நான் எழுதினேன் என்றோ செய்யாமல், வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பணம் கொடுத்தால் அப்போதே கையில் தந்துவிடுவார்களா?

விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. உரிமம் பெற்ற வணிகர் என்றால், கடையில் நடப்பதுதான் கண்காட்சியிலும் நடக்கும்: 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், 1998 நவம்பர் முதல் இயங்கிவரும் தேசியப் பின்னணிச் சோதனை அமைப்பில் உங்கள் பெயரைச் சோதிப்பார்கள். அவரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும், ரைஃபிளோ ஷாட்கன்னோ வாங்க 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். வேறு மாநிலத்துக் கண்காட்சியில் கைத்துப்பாக்கி வாங்கினால், அதை உங்கள் மாநிலத்து வணிகர் ஒருவருக்கு அனுப்பச் செய்து அவரிடமே பெற்றுக்கொள்ள வேண்டும்.

சொந்தச் சேகரிப்பிலிருந்து விற்கும் தனியாள் பின்னணிச் சோதனை செய்ய வேண்டும் என்று ஒன்றியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்க வேண்டும். கலிபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன், நியூயார்க் போன்ற மாநிலங்களில் தனியார் விற்பனைக்கும் சோதனை கட்டாயம். கட்டாயமில்லாத மாநிலத்திலும், என் பெயர், முகவரி, துப்பாக்கியின் வரிசை எண் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இல்லாமல் நான் வாங்குவதில்லை. அந்தத் தாளைத் தர மறுப்பவரின் துப்பாக்கி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

'ஆன்டிக்' என்கிறார்கள், 'க்யூரியோ' என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது 'ஆன்டிக்'. ஒன்றியச் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே அன்று; படிவமும் இல்லை, பின்னணிச் சோதனையும் இல்லை. 1899 ஜனவரியில் செய்யப்பட்ட அதே மாதிரி, சட்டப்படி துப்பாக்கி ஆகிவிடுகிறது. எனவே 1890-களின் பொருட்களில் செய்த ஆண்டைத் தெரிந்துகொள்வது வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமன்று. மாநிலச் சட்டங்கள் இதே கோட்டைப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

'க்யூரியோ அண்ட் ரெலிக்' என்பது சட்டப்படி துப்பாக்கியே. ஆனால் சேகரிப்பாளருக்குரியதாக ஏற்கப்பட்ட வகை. செய்யப்பட்டு 50 ஆண்டுகள் நிறைந்து, தன் மூல வடிவிலேயே இருந்தால் அது தானாகவே இவ்வகையில் சேரும். மூல வடிவம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். போர் முடிந்தபின் படை ரைஃபிள்களைச் சில டாலருக்கு வாங்கி, மரக்கட்டையை அறுத்து, தொலைநோக்கி பொருத்த, குழல் பொருந்தும் இரும்பு உடலான ரிசீவரில் துளையிட்டு, மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவர்கள் இந்நாட்டில் ஏராளம். அப்படி மாற்றப்பட்டது எவ்வளவு பழையதானாலும் இந்தத் தகுதியை இழக்கும். சேகரிப்பு மதிப்பையும் பெரும்பாலும் இழந்துவிடும்.

சேகரிப்பாளர் உரிமம் எடுத்தால் என்ன பயன்?

கட்டணம் 30 டாலர், மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த உரிமம் இருந்தால், மேலே சொன்ன க்யூரியோ வகைத் துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம். கைத்துப்பாக்கியும் இதில் அடங்கும். வணிகரிடம் அவ்வகைத் துப்பாக்கி வாங்கும்போது 4473 படிவம் தேவைப்படாது. பல மாநில விற்பனையாளர்கள் கூடும் துல்சா போன்ற இடத்தில் இதன் அருமை தெரியும்.

பதிலுக்கு, வாங்கியதையும் விற்றதையும் ஒரு கட்டுப் பதிவேட்டில் முறையாக எழுதிவர வேண்டும். இது வணிக உரிமம் அன்று. வாங்கி வாங்கி லாபத்துக்கு விற்பதைத் தொழிலாகச் செய்ய இது இடம் தராது. ஆண்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்குபவருக்கு இந்த உரிமம் தேவையில்லை என்பது என் கருத்து.

மேசையில் எழுதியிருக்கும் விலை மலிவா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கேட்கும் விலையை வைத்து ஒருபோதும் மதிப்பிடாதீர்கள். கன்புரோக்கர் போன்ற இணைய ஏலத்தளங்களில், முடிந்த ஏலங்களில் அதே மாதிரி, அதே தொழிற்சாலை, அதே நிலையில் உள்ள பொருள் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். 'புளூ புக்' விலைக் கையேடும் உதவும். ஆனால் அது காட்டுவது பொதுவான போக்கை மட்டுமே. நிலையைக் குறிக்க இந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மிக நன்று' முதல் 'மோசம்' வரையிலான படிநிலைகளைப் பயன்படுத்துகிறார்கள். விற்பவர் சொல்லும் படிநிலையிலிருந்து ஒரு படி இறக்கிக் கணக்கிடுவது என் வழக்கம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சியில் பெரும்பாலான பழைய துப்பாக்கிகள் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே எழுதப்பட்டிருக்கும். பேரம் பேசத் தெரிந்தவர் அதைச் சந்தை விலைக்கு இறக்கலாம். அது நியாயமான விலையே தவிர மலிவு அன்று. உண்மையான மலிவு, விற்பவர் கவனிக்காத ஒரு முத்திரையை நீங்கள் கவனிக்கும்போது மட்டுமே வாய்க்கும்.

அப்படியானால் எந்தெந்த முத்திரைகளைப் பார்க்க வேண்டும்?

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ரஷ்ய மோசின்-நகாந்த் ரைஃபிள். 2000-களில் இவை பெட்டி பெட்டியாக இறக்குமதியாகி 100 டாலருக்கும் குறைவாக விற்றன. அதனால் பல முதியவர்களுக்கு 'மோசின் என்றால் மலிவுச் சரக்கு' என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. ஆனால் எல்லா மோசினும் ரஷ்யாவில் செய்யப்பட்டதன்று. முதல் உலகப் போரின்போது ஜார் அரசு, அமெரிக்காவின் ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய நிறுவனங்களிடம் லட்சக்கணக்கில் இந்த ரைஃபிளைச் செய்யச் சொன்னது. 1917-இல் புரட்சி வந்து ஜார் ஆட்சி போயிற்று. அனுப்பாமல் நின்றவற்றை அமெரிக்க அரசே வாங்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. சில பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. ரிசீவருக்கு மேல் குழலில் ரஷ்ய முத்திரைக்குப் பதில் ஆங்கிலத்தில் இந்த நிறுவனப் பெயர்கள் இருந்தால், கையில் இருப்பது வேறு சரக்கு. ஆனால் ஓர் எச்சரிக்கை: அவற்றுள் சிலவற்றை நியூயார்க்கின் பேனர்மன் நிறுவனம் .30-06 தோட்டாவுக்கு மாற்றியது. அவ்வாறு மாற்றப்பட்டதைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

பின்லாந்து இன்னொரு சுரங்கம். பின்லாந்தினர் மோசின் ரிசீவர்களைத் தாமே செய்யவில்லை. கைப்பற்றியும் வாங்கியும் சேர்த்த ரஷ்ய ரிசீவர்களில் தங்கள் உயர்தரக் குழல்களைப் பொருத்தினார்கள். சதுரத்துக்குள் 'எஸ்ஏ' என்ற பின்லாந்துப் படை முத்திரை குழலில் இருக்கும். எம்39 என்ற மாதிரி 1939-இல் ஏற்கப்பட்டதுதான்; ஆயினும் அதன் ரிசீவரின் பின்வாலுக்கு அடியில் 1890-களின் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பது அரிதன்று. சட்டம் பார்ப்பது ரிசீவரின் வயதை என்பதால், மேலே சொன்ன 1898 கோட்டின்படி அது ஆன்டிக் ஆகிவிடுகிறது! அந்த ஆண்டைப் பார்க்க இரண்டு திருகாணிகளைக் கழற்றி மரக்கட்டையிலிருந்து இரும்பை எடுக்க வேண்டும். அனுமதி கேட்டால் பாதிப்பேர் சம்மதிக்கிறார்கள்.

ஜப்பானிய அரிசாகா ரைஃபிள்களின் ரிசீவர் மேல் பேரரசரின் 16 இதழ்ச் செவ்வந்திப் பூ முத்திரை உண்டு. 1945-இல் சரணடைந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் அது அராவி அழிக்கப்பட்டது. பூ முழுமையாக இருந்தால், போர்க்களத்திலேயே ஒருவர் கைப்பற்றியதாக இருக்க வாய்ப்புண்டு, விலையும் கூடும். சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிளில், தோளில் பதியும் பிடங்குத் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால், அதை வைத்திருந்த படைவீரரின் பெயரும் பிரிவும் எழுதிய சிறு சீட்டு சில வேளைகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விலையை அது பெரிதாக ஏற்றாது. ஆனாலும் நான் வாங்கிய கே31-இல் அந்தச் சீட்டைக் கண்ட மாலை வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

இந்தியாவில் செய்த துப்பாக்கி அங்கே கிடைக்குமா?

கிடைக்கும். வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த, லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் வகை ரைஃபிள்கள் பல அமெரிக்காவுக்கு இறக்குமதியாகியுள்ளன. 1960-களில் அங்கே உருவான 2ஏ, 2ஏ1 மாதிரிகள், .303 தோட்டாவுக்குப் பதில் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுடும்படி வடிவமைக்கப்பட்டவை. கைப்பிடிக்கு அருகிலுள்ள வளையத்தில் 'ஆர்எஃப்ஐ' என்ற எழுத்துகளும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 2ஏ1-இல் குறிபார்க்கும் தொலைவு அளவுகோல் பழைய என்ஃபீல்டைப் போல 2,000 வரை செல்லாமல் 800-இல் நிற்கும்.

பிரிட்டனில் செய்தவற்றைவிட இவற்றைக் குறைவாக மதிக்கும் வழக்கம் அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் நீண்ட காலம் இருந்தது. மரம் கரடுமுரடாக இருக்கும், நடுவில் ஒரு திருகாணி குறுக்காகப் போகும், கறுப்பு வண்ணம் உரிந்திருக்கும் என்பார்கள். எனக்கு அந்தத் திருகாணியே அழகாகத் தெரிகிறது. முன்பகுதி முழுவதும் செம்புக் கம்பி சுற்றப்பட்ட என்ஃபீல்டையும் காணலாம். கையெறிகுண்டு ஏவுவதற்காக வலுப்படுத்தியது அது. அதில் சாதாரணத் தோட்டாவைச் சுடக் கூடாது.

'எல்லா எண்களும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா?

பாகங்கள் எல்லாவற்றிலும் ஒரே துப்பாக்கியின் வரிசை எண் இருக்கிறது என்பதே இதன் பொருள். ஜெர்மானியத் துப்பாக்கிகளில் இந்த ஒரு தொடர் விலையை இரண்டு மடங்காக்கும். அதனால்தான் போலியும் இங்கே மிகுதி. 1908-இல் ஜெர்மானியத் தரைப்படை ஏற்ற பி08 லூகர் கைத்துப்பாக்கியில், சட்டகத்திலும் குழலிலும் முழு வரிசை எண் இருக்கும். பக்கத் தகடு, விசை, கழற்றும் நெம்புகோல், முழங்கால் போல மடியும் மேற்பகுதி ஆகிய சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் எண்ணும் பொருந்தினால் அது அரிது.

இதில் நானே ஏமாந்தேன். 'போர்வீரர் கொண்டுவந்தது, எண்கள் அனைத்தும் பொருந்துபவை' என்ற அட்டையுடன் ஒரு மவுசர் கே98கே ரைஃபிள் இருந்தது, எண்களும் பொருந்தின. இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். அடித் தகட்டில் பழைய எண்ணை அராவிவிட்டு மேலே புதிய எண் அடித்திருந்தது. பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட்டின் எண் மின்பேனாவால் கீறியது. ரிசீவரின் இடப்புறம் 'எக்ஸ்' குறி ஒன்றைத் தேய்த்த தடம் இருந்தது. சோவியத் படை கைப்பற்றி, தன் ஆயுதக் கிடங்கில் பழுது பார்த்து, கைக்குக் கிடைத்த பாகங்களைச் சேர்த்து எண்களைப் பொருத்திய துப்பாக்கி அது. அத்தகையதும் நல்ல ரைஃபிள்தான். ஆனால் நான் கொடுத்த விலைக்குரியதன்று. அன்று என் சட்டைப்பையில் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று இருந்திருந்தால் அந்தப் பணம் என்னிடமே இருந்திருக்கும்.

எம்1 கேரண்டில் எண் பொருந்தவில்லையே, அது ஒட்டுப் போட்டதா?

இந்தக் கேள்வி முந்தைய பதிலைப் படித்தவர்களிடமிருந்து வருகிறது. 1936-இல் அமெரிக்கப் படை ஏற்ற கேரண்ட் ரைஃபிள் ஏறத்தாழ 54 லட்சம் செய்யப்பட்டது. அதன் வரிசை எண் ரிசீவரில் மட்டுமே உண்டு. மற்ற பாகங்களில் இருப்பவை வரைபட எண்களும் தொழிற்சாலைக் குறிகளுமே. எனவே ஜெர்மானியத் துப்பாக்கிக்கான பொருளில் 'பொருத்தம்' என்பது இதற்கில்லை. படைக் கிடங்குகளில் பலமுறை பிரித்துச் சேர்க்கப்பட்டதால், ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் ரிசீவரில் வின்செஸ்டர் நிறுவனத்தின் பாகம் இருப்பது இயல்பு. 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்று கூடுதல் விலை கேட்பவரிடம்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

கேரண்டில் பார்க்க வேண்டியது குழலின் தேய்மானம். தோட்டாவின் குண்டுமுனையைக் குழல்வாயில் தலைகீழாக நுழைத்து, பித்தளை உறைக்கும் வாய்க்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பது பழைய வழக்கம். உறை வாயைத் தொட்டுவிட்டால் குழல்முனை தேய்ந்துவிட்டது. கண்காட்சிக்குள் தோட்டா எடுத்துச் செல்வதைவிட அளவுக் கம்பியோ போலித் தோட்டாவோ கொண்டுபோவது முறை. உங்களுக்குச் சுடத்தகுந்த கேரண்ட் மட்டும்தான் வேண்டும் என்றால், படையின் பழைய ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும், அலபாமாவின் ஆனிஸ்டனில் இயங்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பின் விலையை முதலில் பாருங்கள். கண்காட்சி விலை அதைவிட அதிகமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அழுக்கும் கறையுமாக மலிவாகக் கிடைத்தது. தேய்த்துச் சாயம் பூசினால் விலை ஏறுமா?

வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தில் வரும் கேள்வி இது. துப்பாக்கியில் அந்தக் கையை வைக்கவே வைக்காதீர்கள். இரும்பின் மேலுள்ள நீலப் பூச்சு தேய்ந்து பழுப்பேறியிருந்தாலும் அது மூலப் பூச்சு. அதை நீக்கிப் புதிதாகப் பூசினால், விளிம்புகள் மழுங்கி, முத்திரைகள் ஆழம் குறைந்து, மதிப்பு பாதியாகிவிடும். மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்தால் ஆய்வாளர் முத்திரைகள் மறைந்துபோகும். அவை திரும்ப வாரா.

செய்யத்தக்கது சிறிதளவே: துருப்பிடித்த இடத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பல இறக்குமதித் துப்பாக்கிகளில் அழுக்காகத் தெரிவது காஸ்மோலின் என்ற பாதுகாப்புக் கொழுப்பு. அதை மட்டும் தயங்காமல் அகற்றலாம். அதன் அடியில் நல்ல பூச்சு ஒளிந்திருப்பதும் உண்டு. விற்பவருக்குத் துடைக்கச் சோம்பலாக இருந்ததே உங்கள் லாபமாகும் இடம் இது.

'என் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது' என்கிறார். அந்தக் கதைக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

ஒரு காசும் வேண்டாம், தாள் இல்லாவிட்டால். கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்பது இங்குள்ள சேகரிப்பாளர்களின் பழமொழி. இரண்டாம் உலகப் போரில், கைப்பற்றிய துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுவர மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு தரப்பட்டது. அந்தச் சீட்டில் வரிசை எண்ணும் இருந்து, அது துப்பாக்கியோடு பொருந்தினால் கூடுதல் விலை நியாயமே.

கதையைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. 1968 சட்டத்துக்குப் பின் இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் குழல்முனைக்கு அருகே அடிப்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்துகளில் அது இருக்கும். தாத்தா 1945-இல் கொண்டுவந்த துப்பாக்கியில் அந்த எழுத்துகள் எப்படி வந்திருக்க முடியும்? என் மவுசரிலும் அது இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

அமெரிக்கத் துப்பாக்கிகளுக்குத் தொழிற்சாலையிலிருந்தே சான்று பெறலாமாமே?

சிலவற்றுக்குப் பெறலாம். பழைய வின்செஸ்டர் மாதிரிகள் பலவற்றின் பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தின் 'கோடி' என்ற நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகமும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் வரலாற்று அறக்கட்டளையும் கட்டணம் பெற்றுக் கடிதம் தருகின்றன. எந்த நாளில், எந்தப் பூச்சுடன், எந்தக் குழல் நீளத்துடன் வெளியே அனுப்பப்பட்டது என்பது அதில் தெரியும். விலையுயர்ந்த துப்பாக்கிக்கே அந்தக் கட்டணம் தகும்.

வின்செஸ்டர் 94 போன்ற ரைஃபிள்களுக்கு, கடிதத்தைவிட முதலில் வரிசை எண்ணிலிருந்து ஆண்டைப் பாருங்கள். 1964-இல் செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றியதால், அதற்கு முற்பட்டவற்றுக்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

வாங்கியதைச் சுட்டுப் பார்க்கலாமா?

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டி, தோட்டா அமரும் அறையின் அளவைச் சோதித்த பிறகே. சிலவற்றைச் சோதனை இல்லாமலேயே ஒதுக்க வேண்டும். 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில், ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டின் 2,85,507-க்குக் கீழும் வரிசை எண் கொண்டவற்றின் ரிசீவர்கள் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்படாதவை, உடைந்து நொறுங்கியிருக்கின்றன. அலைபோன்ற வரிகளுடன் அழகாகத் தெரியும் டமாஸ்கஸ் குழல் ஷாட்கன்களில் இக்காலத் தோட்டாவைப் போடக் கூடாது. மேலே சொன்ன பேனர்மன் மோசினையும் கம்பி சுற்றிய என்ஃபீல்டையும் இப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட முடியாதவை என்பதால் இவை மலிவாகவும் கிடைக்கும். சுவரில் மாட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதுவே உங்களுக்கு வாய்ப்பு.

வரிசை எண்ணே இல்லாத துப்பாக்கியைக் கண்டேன். ஓடிவிட வேண்டுமா?

உடனே வேண்டாம், உற்றுப் பாருங்கள். 1968-க்கு முன் எல்லாத் துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயமாக இருக்கவில்லை. மலிவான .22 ரைஃபிள்களும் ஒற்றைக்குழல் ஷாட்கன்களும் எண் இல்லாமலே விற்கப்பட்டன. அவற்றை வைத்திருப்பது ஒன்றியக் குற்றமன்று. ஆனால் இருந்த எண்ணை அராவியோ மாற்றியோ இருந்தால் அதை வைத்திருப்பதே குற்றம். அராவிய தடம் கண்ணில் பட்டால் பேச்சை முடித்துக்கொண்டு நகருங்கள்.

இதே எச்சரிக்கை நீளத்துக்கும் பொருந்தும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளும், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ஷாட்கன்னும் 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. தோளில் வைக்கும் மரப்பிடியுடன் கூடிய பழைய மவுசர் சி96, லூகர் ஆகியவற்றில் சில, மூலப் பிடியோடு இருந்தால் விலக்குப் பெற்றவை. எந்த வகைக்கு விலக்கு உண்டு என்பதை அரசுப் பட்டியலில் பார்த்துவிட்டே வாங்குங்கள். நீளம் அளக்க ஒரு நாடாவைப் பையில் வைத்திருப்பது வீணாகாது.

பேரம் எப்படிப் பேசுவது? நம்மூர்போலப் பாதியிலிருந்து தொடங்கலாமா?

பாதி விலை கேட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள், பேச்சே முடிந்துவிடும். 'ரொக்கமாகத் தந்தால் கடைசி விலை என்ன?' என்ற கேள்வியே போதும். நீங்கள் கண்டுபிடித்த முத்திரையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். குறைகளை அடுக்கி அவர் பொருளை மட்டம் தட்டவும் வேண்டாம். ஞாயிறு பிற்பகலில், மீண்டும் வண்டியில் ஏற்ற மனமில்லாத பெரிய ரைஃபிள்களின் விலை இறங்கும். ஆனால் அருமையான பொருள் அதுவரை இருக்காது. வெள்ளிக்கிழமை மேசை போடும்போதே வணிகர்கள் தங்களுக்குள் அதை வாங்கிவிடுவார்கள். தோளில் ரைஃபிளைத் தொங்கவிட்டு, குழலில் விலைச் சீட்டைச் செருகிக்கொண்டு நடந்து வருபவர்களைப் பாருங்கள். மேசை வாடகை தராதவர் என்பதால் அவர் விலையில் அது சேர்ந்திருக்காது.

ஊருக்குக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் மாட்ட முடியுமா?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதிக்கான விதிகள் ஒருபுறம், இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம், சுங்கக் கட்டுப்பாடுகள் மறுபுறம். புகைப்படம் அனுப்புங்கள்.

விற்றவர் தன் பொருளின் மதிப்பு தெரியாமல் விற்றுவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டுமா?

சேகரிப்பாளர்கள் இதில் ஒருமித்த கருத்து உடையவர்கள் அல்லர். வணிகரிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது என் நிலை. பொருளை அறிவது அவர் தொழில், எனக்கு மவுசரை விற்றவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் வணிகர் அல்லாத ஒருவர் 'இதற்கு எவ்வளவு கேட்கலாம்?' என்று என்னிடமே கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

சென்ற முறை ஒரு மூதாட்டி, மறைந்த கணவரின் அரிசாகாவைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். செவ்வந்திப் பூ பதினாறு இதழ்களும் குலையாமல் இருந்தது. அவர் மனத்தில் வைத்திருந்த விலை என் சட்டைப்பையில் இருந்த பணத்தில் பாதிகூட இல்லை. என்னிடம் விலை கேட்டார், சொன்னேன். ரைஃபிள் இரண்டு மேசை தள்ளியிருந்தவரிடம் போயிற்று. அதனோடு வந்த தோல் தோட்டாப் பையை மட்டும் அந்த மூதாட்டி எனக்கு விற்றார்.